தொடாத மருந்துக்கு 'ஆர்' எப்படி வந்தது?

கடிதம் எழுதியிருப்பவர் 54 வயதுப் பெண். மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும், எலும்புக்குக் கால்சியமும் சாப்பிடுகிறார். கடந்த பத்து மாதங்களில் மூன்று முறை சிறுநீர்க் கடுப்பு வந்திருக்கிறது. முதல் முறை, சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. மாத்திரையை வேளைக்கு ஒன்றாகக் காலையும் இரவும் ஐந்து நாள் சாப்பிடும்படி மருத்துவர் எழுதிக்கொடுத்தார். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றதால் இவரும் நிறுத்திவிட்டார். ஆறு மாத்திரைகள் மிஞ்சின. அடுத்த முறை கடுப்பு வந்தபோது அதில் மூன்றை, நாளைக்கு ஒன்று வீதம், காலையில் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினார். மூன்றாம் முறை மீதி மூன்றையும் அதே போலச் சாப்பிட்டார். அந்த முறை எரிச்சல் அடங்கப் பத்து நாளானது.

ஒரு மாதம் கழித்து, "கிருமி முழுக்கப் போய்விட்டதா என்று பார்த்துவிடுவோம்" என்று அவராகவே சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுத்திருக்கிறார். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, ஒரு மில்லியில் 1,00,000-க்கு மேல், இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தது. சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சைம், செஃப்ட்ரியாக்சோன், கோட்ரைமாக்சசோல் ஆகியவற்றுக்கு நேரே 'ஆர்', அதாவது கிருமி மசியாது. நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிக்காசின், மெரோபெனம் ஆகியவற்றுக்கு நேரே 'எஸ்', அதாவது மசியும். இப்போது எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

அவர் கேட்பவை: என் உடம்பு ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகிவிட்டதா? செஃபிக்சைமை நான் வாழ்நாளில் தொட்டதே இல்லையே, அதற்கு எப்படி 'ஆர்' வந்தது? பாதியில் நிறுத்தியதுதான் எல்லாவற்றுக்கும் காரணமா? மெரோபெனத்தின் எண் 0.25, நைட்ரோஃபுரான்டாயினின் எண் 16 என்று இருக்கிறது. அப்படியானால் மெரோபெனம்தானே வலிமையானது, ஆஸ்பத்திரியில் சேர்ந்து அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளட்டுமா? வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள், அவளைத் தூக்கலாமா?

அம்மா, கடைசிக்கு முந்தைய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் அவசரம் இருக்கிறது. ஊசி வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே சரியாக இருந்தால், இப்போது உங்களுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம்.

சிறுநீரில் கிருமி இருப்பது வேறு, சிறுநீர்த் தொற்று நோய் இருப்பது வேறு. எரிச்சல், அடிக்கடி முட்டிக்கொண்டு போவது, அடிவயிற்று வலி, காய்ச்சல் இவற்றில் ஒன்றும் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி தெரிந்தால், அது குடியிருக்கிறது என்றுதான் பொருள், தாக்குகிறது என்று பொருளல்ல. வயது கூடக்கூட, அதிலும் சர்க்கரை உள்ள பெண்களிடம், இது சாதாரணமாகக் காணப்படுவது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் சவ்வு கிழிந்து இரத்தம் வரக்கூடிய அறுவை அல்லது கருவிச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும்தான் அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து தருகிறோம். சர்க்கரை நோய் இந்த விதிவிலக்கில் சேராது. 'இருக்கிற கிருமியைக் கொன்றுவிட்டால் என்ன நஷ்டம்' என்று தோன்றும். நஷ்டம் உண்டு. அடிக்கடி தொற்று வரும் இளம் பெண்களை வைத்து நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், அறிகுறியற்ற கிருமிக்கு மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்குத்தான் அடுத்தடுத்த தொற்று அதிகம் வந்தது. சாதுவான குடியிருப்பவரை விரட்டினால் காலி இடத்துக்கு ஒரு முரடர் வரக்கூடும்.

ஆகவே, அறிகுறி நின்ற பிறகு 'சுத்தமாகிவிட்டதா' என்று பார்க்கக் கல்ச்சர் எடுக்காதீர்கள். எடுக்காமல் இருந்திருந்தால் இந்த ஒரு மாதத் தூக்கம் உங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

பழகியது உங்கள் உடம்பு அல்ல

ஆன்டிபயாட்டிக் வேலை செய்வது பாக்டீரியாவின் மேல், உங்கள் உடம்பின் மேல் அல்ல. எதிர்ப்பும் பாக்டீரியாவுக்குத்தான் வருகிறது. நாளை உங்களுக்கு வேறொரு ஈ.கோலையால் தொற்று வந்தால், அது சிப்ரோவுக்கு மசிகிற கிருமியாகக்கூட இருக்கலாம்.

கிருமியும் 'பழகுவது' இல்லை. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுத் தேறிக்கொள்ளும் பயில்வான் அல்ல அது. ஈ.கோலையின் மரபுக் குறிப்பில் சுமார் 46 லட்சம் எழுத்துகள் உள்ளன. வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டாகிறது. ஒரே ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் 20 லட்சமாகிவிடும். ஒவ்வொரு முறையும் அத்தனை எழுத்துகளையும் நகலெடுக்க வேண்டும், அதில் எப்போதாவது எங்கோ ஒரு பிழை விழுகிறது. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. ஆனால் சிப்ரோ போய்ப் பற்றிக்கொள்ளும் நொதியை எழுதும் மரபணுவில் சரியான இடத்தில் ஓர் எழுத்து மாறினால், மருந்துக்குப் பிடி நழுவுகிறது. பத்துக் கோடிக் கிருமிகளில் ஒன்றுக்கோ நூறு கோடியில் ஒன்றுக்கோ இப்படி நடக்கலாம். குடலில் இருக்கும் கூட்டத்துக்கு அது பெரிய எண்ணே அல்ல.

முக்கியமான விஷயம், இந்தப் பிழை மருந்து வருவதற்கு முன்பே விழுந்திருக்கும். ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் 1952-ல் இதை அழகாகக் காட்டினார்கள். மருந்தில்லாத தட்டில் வளர்ந்த கிருமித் திட்டுகளை ஒரு வெல்வெட் துணியால் ஒற்றி, முத்திரை குத்துவதுபோல் மருந்துள்ள பல தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடங்களில் இருந்த திட்டுகளே பிழைத்தன. அதாவது, மருந்தைப் பார்த்தே இராத மூலத் தட்டிலேயே அவை எதிர்ப்போடு இருந்தன. மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. மற்றவற்றைக் கொன்று, எதிர்ப்புள்ளதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது.

மூட்டையாக வரும் எதிர்ப்பு

இனி, தொடாத செஃபிக்சைமுக்கு வருவோம். கடிதத்தில் இருப்பவற்றுள் ஆகச் சிறந்த கேள்வி இதுதான். மேலே சொன்ன எழுத்துப்பிழை ஒரு வழி மட்டுமே. இன்னொரு வழியில் கிருமிகள் எதிர்ப்பைக் கடன் வாங்குகின்றன.

பாக்டீரியாவுக்குள் அதன் முக்கிய மரபுத் தொகுதியைத் தவிர பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களும் இருக்கும். இரண்டு கிருமிகள் ஒட்டிக்கொள்ளும்போது ஒன்று தன் வளையத்தை நகலெடுத்து மற்றதற்குக் கொடுத்துவிடும். ஒரே இனமாக இருக்கவேண்டிய கட்டாயம்கூட இல்லை. 1950-களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு மசியாமல் போனதைக் கண்டு மருத்துவர்கள் குழம்பினார்கள். நான்கு பிழைகள் ஒரே கிருமியில் ஒன்றாக விழுவது நடக்காத காரியம். 1959 வாக்கில் அங்குள்ள ஆய்வாளர்கள் விடையைக் கண்டார்கள்: நான்கு எதிர்ப்புகளும் ஒரே மூட்டையாகக் கைமாறிக்கொண்டிருந்தன.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் இ.எஸ்.பி.எல். என்பது பெரும்பாலும் அப்படி ஒரு மூட்டையில் வரும் நொதி. செஃபிக்சைம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளின் உயிர்நாடி பீட்டா-லாக்டம் என்ற நான்கு முனை வளையம். அதை இந்த நொதி உடைத்துப் போடுகிறது. அதே பிளாஸ்மிட்டில் கோட்ரைமாக்சசோலுக்கான எதிர்ப்பு மரபணுவும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். உலகெங்கும் பரவியிருக்கும் எஸ்.டி.131 என்ற ஈ.கோலை வம்சத்தில், சிப்ரோவை முறியடிக்கும் எழுத்துப்பிழைகளும் இ.எஸ்.பி.எல். மூட்டையும் ஒன்றாகக் காணப்படுகின்றன. உங்களிடம் இருப்பது அந்த வம்சமா என்று சாதாரண கல்ச்சர் சொல்லாது. ஆனால் நடந்ததை ஊகிக்க அது உதவுகிறது. ஏற்கெனவே இரண்டும் கொண்ட ஒரு கிருமி உணவு, தண்ணீர் அல்லது ஒருவர் கை வழியாக எப்போதோ உங்கள் குடலுக்கு வந்து, ஓசையில்லாமல் ஓர் ஓரமாக இருந்திருக்கலாம். சிப்ரோ உள்ளே போனபோது சாதாரண ஈ.கோலைகள் செத்தன, ஓரமாக இருந்தது நடுவீட்டுக்கு வந்தது. சிப்ரோ சாப்பிட்டதால் செஃபிக்சைமுக்கு 'ஆர்' வந்த கதை இதுதான். ஒரு மருந்தைச் சாப்பிட்டால் மூட்டையில் உள்ள எல்லா எதிர்ப்புகளும் சேர்ந்து பெருகும்.

மருந்தை நிறுத்தினால் கிருமி இந்தச் சுமையை இறக்கி வைத்துவிடாதா? கொஞ்சம் கொஞ்சமாக, பல மாதங்களில், பலருக்கு அப்படித்தான் ஆகிறது. ஆனால் சில பிளாஸ்மிட்டுகள் தந்திரமானவை. ஒரு நஞ்சையும் அதன் மாற்று மருந்தையும் சேர்த்தே தயாரிக்கும். நஞ்சு நீடித்து நிற்கும்; மாற்று மருந்து சீக்கிரம் அழியும். வளையத்தைத் தொலைத்த கிருமிக்கு மாற்று மருந்து தீர்ந்துபோக, மிஞ்சிய நஞ்சால் சாகும். வாடகை கொடுக்காமல் குடியிருப்பதோடு வீட்டுக்காரரையும் மிரட்டுகிற கூட்டம்!

பாதியில் நிறுத்தியதும் மிச்சத்தைத் தின்றதும்

நீங்கள் உங்களையே குற்றம் சாட்டிக்கொள்வது முதல் முறை நிறுத்தியதற்காக. என் கணக்கில் அது சிறிய தவறு. மிச்சத்தை எடுத்து வைத்துச் சாப்பிட்டதுதான் பெரியது.

'கோர்ஸை முடிக்காவிட்டால் எதிர்ப்பு வரும்' என்பது நாங்கள் பல தலைமுறையாகச் சொல்லி வந்த வாசகம். காசநோய்க்கு அது முற்றிலும் பொருந்தும். அங்கே ஆறு மாதம், பல மருந்துகள், ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. ஆனால் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அதே வாசகத்தை அப்படியே நீட்ட முடியாது. அங்கே மருந்தின் ஒவ்வொரு கூடுதல் நாளும் குடலில் இருக்கும் சாதுக் கிருமிகளையும் சேர்த்துக் கொல்கிறது. அதனால்தான் பல தொற்றுகளுக்கு மருந்து நாட்களைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். சிறுநீர்ப்பைத் தொற்றுக்குச் சிப்ரோ தரவேண்டி வந்தாலே மூன்று நாள் போதும். எனவே, இரண்டு நாளில் நீங்கள் நிறுத்தியது பள்ளத்தாக்கில் விழுந்தது போன்ற காரியமல்ல. எழுதிக் கொடுத்த நாட்களைக் குறைப்பதானால் மருத்துவரைக் கேட்டுக் குறையுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, மூன்றாவது முறைகளில் நடந்தது வேறு. இரண்டு மாத்திரை வேண்டிய நாளில் ஒன்று. அந்த ஒன்றும் கால்சியத்தோடு. கால்சியம், இரும்பு, துத்தநாகம், அமிலம் தணிக்கும் மருந்துகள் ஆகியவற்றில் உள்ள உலோக அயனிகள் வயிற்றிலேயே சிப்ரோவைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிணைப்பு குடல் சுவரைத் தாண்டாது. கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போதான் சிப்ரோ சாப்பிட வேண்டும். ஆக, உங்கள் இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் போய்ச் சேர்ந்தது அரைகுறை மருந்து.

அரைகுறை ஏன் ஆபத்து என்பதைச் சிப்ரோவைக் கொண்டே சொல்லலாம். எதிர்ப்பில்லாத ஈ.கோலையின் வளர்ச்சியை நிறுத்த லிட்டருக்கு 0.016 மி.கி. அளவு மருந்தே போதும். ஓர் எழுத்து மாறிய கிருமிக்குச் சுமார் 0.25 மி.கி. வேண்டும். முழு அளவு மருந்து இதையும் கொன்றுவிடும். மருந்து குறைவாக இருந்தால் முதல் வகை சாகும், இரண்டாவது பிழைத்துப் பெருகும். பெருகிய அந்தக் கூட்டத்தில் இன்னொரு பிழை விழுந்தால் அளவு 1 மி.கி.யைத் தாண்டும், பிறகு முழு அளவு மருந்தும் நம்பகமாக வேலை செய்யாது. ஒரே தாவலில் ஏற முடியாத சுவருக்கு நாமே படி கட்டிக் கொடுக்கிறோம். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் தன் நோபல் உரையிலேயே இந்தக் குறைந்த அளவைப் பற்றித்தான் எச்சரித்தார்.

இன்னொன்றும் உண்டு. மிச்ச மாத்திரையைச் சாப்பிட்ட இரண்டு முறையும் கல்ச்சர் எடுக்கும் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று. எந்தக் கிருமி, எதற்கு மசியும் என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

0.25-ஐ 16-உடன் ஒப்பிடாதீர்கள்

ரிப்போர்ட்டில் மருந்துக்கு எதிரே இருக்கும் எண் எம்.ஐ.சி. எனப்படுவது: அந்தக் கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த செறிவு. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி வெட்டுக்கோடு உண்டு. எண்ணை அந்த மருந்தின் கோட்டோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். நைட்ரோஃபுரான்டாயினுக்கு 32 வரை 'எஸ்' என்று கொள்ளப்படுகிறது, உங்களுடையது 16. அந்த மருந்து சிறுநீரில் மிக அதிகச் செறிவில் திரள்கிறது, ஆகவே போதும். இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றும் தங்காது என்பதால் சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு அது உதவாது. எண்ணைவிட மருந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதே பெரிது.

மெரோபெனம் இத்தகைய கிருமி இரத்தத்திலோ சிறுநீரகத்திலோ புகும்போது உயிர் காக்க வைத்திருப்பது. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது: எளிதில் தரலாம், கவனித்துத் தர வேண்டும், கடைசிக்கு ஒதுக்கிவை. நைட்ரோஃபுரான்டாயின் முதல் வகை, மெரோபெனம் இரண்டாம் வகை. அறிகுறியே இல்லாத கிருமிக்கு அதைச் செலவழித்தால், அதையும் முறியடிக்கும் கிருமிக்கு உங்கள் குடலில் நாமே இடம் ஒழித்துக் கொடுத்ததாகும். ரிப்போர்ட்டில் 'ஐ' என்ற எழுத்தை எப்போதாவது பார்த்தால், பல ஆய்வகங்கள் இப்போது அதை 'அளவைக் கூட்டினால் வேலை செய்யும்' என்ற பொருளில் எழுதுகின்றன. அரைகுறை 'ஆர்' என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுபடி எரிச்சல் வந்தால்

மாத்திரைக்கு முன் மாதிரி. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய குப்பியில் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள். வெளியே மறந்து வைத்தால் குப்பியிலேயே கிருமி பெருகி, ஆயிரமாக இருந்தது லட்சமாகக் காட்டும்.

பிறகு இந்தப் பழைய ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றானால், உங்கள் ரிப்போர்ட்டின்படி வாய்வழி மருந்துகள் இரண்டு இருக்கின்றன. நைட்ரோஃபுரான்டாயின், மெதுவாகக் கரையும் வகை 100 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை, உணவோடு, ஐந்து நாள். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஃபாஸ்ஃபோமைசின் என்றால் 3 கிராம் தூள், தண்ணீரில் கரைத்து ஒரே வேளை, முடிந்தால் வெறும் வயிற்றில், படுக்கப்போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு. சர்க்கரை இருப்பதால் கிரியாட்டினினும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணும் பார்த்த பிறகே நைட்ரோஃபுரான்டாயின். அந்த எண் 45-க்குக் கீழே போனால் பொதுவாகத் தவிர்ப்போம். ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருந்தாலும் கூடாது. இரண்டில் எது என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் மேலே சொன்ன இரண்டு மருந்தும் உதவாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீங்கள் கேட்ட அந்த ஊசிக்கு நேரம் அதுதான்.

தொற்றே வராமல் பார்ப்பதில்தான் உங்களுக்கு அதிக லாபம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜென் குறைவதால் பிறப்புறுப்பில் இருக்கும் காவல் கிருமிகளான லாக்டோபேசில்லஸ் குறைகின்றன, ஈ.கோலை எளிதாக ஏறுகிறது. அங்கே பூசும் ஈஸ்ட்ரோஜென் களிம்பு இதைச் சரிசெய்யும். இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பவரானால் நாளைக்கு ஒன்றரை லிட்டர் கூட்டுங்கள். மாதவிடாய் நிற்காத பெண்களிடம் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் இது ஒன்றே தொற்றை ஏறக்குறைய பாதியாக்கியது. உங்கள் வயதுக்கும் முயல்வதில் தவறில்லை, இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் ஒழிய. மூன்று மாதச் சர்க்கரை அளவையும், சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் சர்க்கரை பையின் நரம்பைத் தளரவைத்து, தேங்கிய நீரில் கிருமி வளர விட்டுவிடும்.

பேத்தியைத் தாராளமாகத் தூக்குங்கள். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், அவளுக்கு உணவு ஊட்டும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். அவள் குடலுக்கு இந்தக் கிருமி போனாலும் அது நோயல்ல. அவளுக்குச் சோதனையும் வேண்டாம். உங்கள் குடலிலிருந்து இதைத் துடைத்தெடுக்கும் மாத்திரை எதுவும் கிடையாது, அப்படிச் சொல்லி யாராவது எழுதிக் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதன் தடம் முதல் மாதத்தில் அதிகமாகவும், பன்னிரண்டு மாதம் வரை கொஞ்சமாகவும் நீடிக்கிறது. சளி, வைரஸ் காய்ச்சல் என்று தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் இந்த ஓராண்டில் உள்ளே போகாமல் இருந்தால், சாதாரண கிருமிகள் தங்கள் இடத்தைத் திரும்பப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

அதுவரை, பல் பிடுங்குவதோ அறுவையோ எதற்காக எந்த மருத்துவரிடம் போனாலும், 'என் சிறுநீரில் இ.எஸ்.பி.எல். கிருமி வந்தது' என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். ரிப்போர்ட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகக் காய்ச்சலோடு போகும் இரவில், முதல் ஊசி சரியாக விழ அந்த ஒரு படம் போதும்.